மாசுக் கணக்கும் மக்கள் கருத்தும்: வாசகர் கேள்வி – பதில்

மாசுப் பதிவேடுகள் பற்றியும், அவற்றைக் குறித்து அரசுகள் எழுதும் அறிக்கைகளில் பொதுமக்களுக்கு உள்ள இடம் பற்றியும் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். பக்கத்து ஆலையையும் பட்டறையையும் தொட்டு எழுதப்பட்ட கடிதங்கள் என்பதால், பெயரை வெளியிட வேண்டாம் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஊர்ப்பெயரை மட்டும் தருகிறோம்.

ஐரோப்பிய நாடுகள் தங்கள் மாசுப் பதிவேட்டைப் பற்றி அறிக்கை தயாரிக்கும்போது மக்களிடம் கருத்துக் கேட்பதாகப் படித்தேன். அது என்ன பதிவேடு? அரசு எழுதும் அறிக்கையில் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன வேலை?
– வாசகர், அம்மாப்பேட்டை

ஓர் ஆலை ஓராண்டில் எந்தெந்த நச்சுப் பொருளை எத்தனை கிலோ காற்றில் விட்டது, எத்தனை கிலோ நீரிலும் நிலத்திலும் விட்டது, எத்தனை டன் கழிவை வேறு இடத்துக்கு ஏற்றி அனுப்பியது என்பதை, ஆலையின் பெயரோடும் இருப்பிடத்தோடும் பதிந்து, யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் பார்க்கும்படி வைத்திருப்பதுதான் மாசுப் பதிவேடு. மாவட்டத்தின் சராசரியையோ நாட்டின் மொத்தத்தையோ மட்டும் சொன்னால் அது புள்ளிவிவரம். இன்ன தெருவில் இருக்கும் இன்ன ஆலை என்று சொன்னால்தான் பதிவேடு.

இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஒரு துயரமான இடம் உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இருந்த ஆலையிலும் ஒரு கசிவு ஏற்பட்டது. தங்கள் ஊர் ஆலைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை வேண்டும் என்று அந்நாட்டு மக்கள் எழுப்பிய குரலின் விளைவாக 1986-இல் அங்கே சட்டம் வந்தது. ஆலைவாரியான நச்சு வெளியீட்டுப் பதிவேடும் அதிலிருந்து பிறந்தது. போபால் மக்கள் கொடுத்த விலையில் உருவான இந்த ஏற்பாடு, ஒரு முழுமையான பொதுப் பதிவேடாக இந்தியாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் படித்த ஐரோப்பியச் செய்தி 2003 மே மாதம் உக்ரைன் தலைநகர் கீவில் ஏற்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நெறிமுறை ஒன்றைப் பற்றியது. சுற்றுச்சூழல் தகவல், மக்கள் பங்கேற்பு, நீதி ஆகிய மூன்றையும் பற்றி 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் உருவான உடன்படிக்கையின் கீழ் வருவது அது. மொத்தம் 86 மாசுப் பொருள்கள் அதன் பட்டியலில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. பாதரசமானால் ஓராண்டில் காற்றில் 10 கிலோ, நீரில் 1 கிலோ என்ற அளவை எட்டும் ஆலை கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் எந்த உறுப்பு நாடும் இதில் சேரலாம் என்று கதவு திறந்தே இருக்கிறது, இந்தியா சேரவில்லை.

இதில் சேர்ந்த நாடுகள், பதிவேட்டைத் தாங்கள் எப்படி நடத்துகிறோம் என்று உறுப்பு நாடுகளின் கூட்டத்துக்கு அவ்வப்போது தேசிய அறிக்கை அளிக்க வேண்டும். அந்த அறிக்கையின் படிவமே, இதைத் தயாரிக்கும்போது எந்தெந்த அரசுத் துறைகளைக் கலந்தீர்கள், பொதுமக்களிடம் எவ்வாறு கருத்துக் கேட்டீர்கள், கேட்ட கருத்தை என்ன செய்தீர்கள் என்று வினவுகிறது. மூன்றாவது வினாதான் முக்கியமானது. கருத்துக் கேட்பது எளிது; வந்த கருத்தில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் சொல்வது கடினம். அதைச் சொல்லாத கலந்தாய்வு வெறும் சடங்காகவே முடியும்.

அரசின் அறிக்கையில் மக்களுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். ஆலை எழுதிக் கொடுத்த எண்ணை அதிகாரி அறிவார். எந்த மாதத்தில் எந்தக் கிணற்றின் தண்ணீர் நுரைத்தது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் புகை வந்தது, லாரி எந்த ஓடைக்கரையில் நின்றது என்பதை அங்கே குடியிருப்பவர்தான் அறிவார். இரண்டும் ஒரே மேசைக்கு வராதவரை, அறிக்கையில் உள்ள எண் சரியா தவறா என்று சொல்ல எவராலும் முடியாது. வரைவு முடிந்து அச்சுக்குப் போகும் நிலையில் கேட்பதைவிட, எதைப் பற்றியெல்லாம் அறிக்கை பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒருமுறையும், வரைவு வந்தபின் இன்னொருமுறையும் கேட்பதே நேர்மையான முறை.

எங்கள் பகுதியில் பெரிய ஆலை எதுவும் இல்லை. வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும், சற்றுத் தள்ளிச் சாயப் பட்டறைகளும் இருக்கின்றன. பெரிய ஆலைகளுக்கான பதிவேட்டால் எங்களுக்கு என்ன பயன்?
– வாசகர், சிவதாபுரம்

சேலத்தின் நாடியைப் பிடித்துக் கேட்டிருக்கிறீர்கள். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரின் நடுவே ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு சாயத்தையும் சாக்கடையையும் சுமக்கும் நிலைக்கு வந்ததற்கு ஒரே ஓர் ஆலையைக் கைகாட்டிவிட முடியாது. ஒரு பட்டறையில் திராவகம் கலந்த கழிவுநீர் சில குடம்தான் வெளியேறும். ஒரு தெரு முழுவதும் அதைச் சாக்கடையில் ஊற்றினால் கணக்கு வேறாகிவிடுகிறது. ஆனால் எல்லை அளவை வைத்துப் பார்த்தால் எந்தப் பட்டறையும் தனியாகப் பதிவேட்டில் ஏறாது.

கீவ் நெறிமுறையை எழுதியவர்கள் இந்தச் சிக்கலை அறிந்தே எழுதினார்கள். சிறியதாகவும் சிதறியும் இருக்கும் மூலங்களைப் பரவல் மூலங்கள் என்று தனியே வகுத்து, அவற்றைப் பற்றி அரசுத் துறைகளிடம் இருக்கும் தரவுகளை இடவாரியாகப் பிரித்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்றும், தரவே இல்லாவிட்டால் திரட்டும் முயற்சியைத் தொடங்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். தேசிய அறிக்கையின் மீது கருத்துச் சொல்லும் மக்கள் அமைப்புகள் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. பெரிய ஆலைகளின் பட்டியல் நேர்த்தியாக இருக்கும். பரவல் மூலங்கள் பற்றிய பகுதி ஒரு பத்தியில் முடிந்திருக்கும்.

இதில் நான் கண்டிப்பாக வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. பட்டறைத் தொழிலாளியைக் குற்றவாளியாக்குவதற்காக இந்தக் கணக்கு எடுக்கப்படக் கூடாது. திராவகப் புகையை முதலில் சுவாசிப்பவர் அவரே. அவருடைய பிள்ளைகள் அதே கூரையின் கீழ்தான் படுத்துறங்குகிறார்கள். தெருவாரியாகக் கழிவின் அளவு தெரிந்தால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு பெரிதாக வேண்டும், அதை எங்கே அமைக்க வேண்டும் என்று கேட்க முடியும். பட்டறைக்காரர்களின் சங்கமே முன்வந்து, மாதத்துக்கு எவ்வளவு திராவகம் வாங்குகிறோம் என்ற கணக்கைத் திரட்டிக் கொடுத்தால், அதுவும் உயர்ந்த வகைப் பங்கேற்புதான். வாங்கிய அளவு தெரிந்தால் வெளியேறும் அளவை ஓரளவு கணித்துவிடலாம்.

நம் நாட்டில் அப்படிப் பதிவேடு இல்லை என்றால் நாங்கள் எதைப் பார்ப்பது? ஆலைகள் யாரிடமும் எந்தக் கணக்கும் கொடுப்பதில்லையா?
– வாசகி, மேட்டூர்

கொடுக்கின்றன. அனல் மின்நிலையமும் இரசாயனத் தொழிலும் நெடுங்காலமாக இருக்கும் உங்கள் ஊரில் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. தரவு இல்லை என்பதைவிட, அது பல கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது என்பதே நம் நாட்டின் குறை.

1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் 25-ஆவது பிரிவும், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின் 51-ஆவது பிரிவும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலைகளுக்குத் தான் தரும் அனுமதியான இசைவாணைகளின் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றும், அக்கறை உள்ளவரோ பாதிக்கப்பட்டவரோ உரிய நேரத்தில் வந்து அதைப் பார்வையிடலாம் என்றும் சொல்கின்றன. அரை நூற்றாண்டாகச் சட்டத்தில் இருக்கும் இந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. அடுத்து, இசைவாணை பெற வேண்டிய ஒவ்வோர் ஆலையும் மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையை, படிவம் 5 என்ற வடிவில், செப்டம்பர் 30-க்குள் வாரியத்துக்கு அளிக்க வேண்டும். அபாயகரமான கழிவைக் கையாளும் ஆலை, 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக் கணக்கைப் படிவம் 4-இல் ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமாக இருந்தால், நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இவற்றோடு, 2003-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, அபாயகரமான கழிவு உண்டாகும் ஆலைகள் தங்கள் கழிவு, வெளியீடு பற்றிய விவரங்களை வாயிலுக்கு வெளியே பலகையில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊர் ஆலை வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா, அதில் உள்ள தேதி எந்த ஆண்டினுடையது என்று பாருங்கள். அதற்கு மனு எதுவும் தேவையில்லை.

மற்றவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேட்கலாம். வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆலை நிர்வாகத்தையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தால் 40 நாள் வரை ஆகலாம். பதில் வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்கு விளக்கம் தரும் கடமை அலுவலருக்கு இல்லை என்று மனு திரும்பிவிடும். “இன்ன ஆலை, இன்ன மூன்று நிதியாண்டுகளுக்கு அளித்த படிவம் 5, படிவம் 4 ஆகியவற்றின் நகல்கள்” என்று கேளுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிவம் 5-இன் இரண்டாம் பகுதியில், நாள் ஒன்றுக்கு உற்பத்திக்கும் குளிரூட்டலுக்கும் குடிநீர் முதலிய தேவைக்கும் செலவான தண்ணீர் தனித்தனியே இருக்கும். ஓர் அலகு பொருள் செய்ய எவ்வளவு தண்ணீர் ஆனது என்பது சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். மூன்றாம் பகுதியில் ஒவ்வொரு மாசுப் பொருளும் எவ்வளவு வெளியேறியது, நிர்ணயித்த அளவிலிருந்து எத்தனை சதவீதம் விலகியது, விலகியதற்குக் காரணம் என்ன என்று கேட்கப்பட்டிருக்கும். நான்காம் பகுதியில் அபாயகரமான கழிவு இரண்டு வரிகளில் வரும்: உற்பத்தியிலிருந்து வந்தது ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களிலிருந்து வந்தது மற்றொன்று. இந்த இரண்டாவது வரியில் கண்ணை வையுங்கள். இரசாயனம் சேர்த்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் உண்மையிலேயே ஓடினால் சேறு விழுந்தே தீரும். உற்பத்தி கூடியிருக்க, அந்த வரியில் மட்டும் சுழியமோ ஆண்டுதோறும் மாறாத ஒரே எண்ணோ இருந்தால், நிலையம் ஓடவில்லையா அல்லது சேறு வேறெங்காவது போகிறதா என்று கேட்க உங்களுக்கு எழுத்துபூர்வமான ஆதாரம் கிடைத்துவிட்டது. அதே எண்ணைப் படிவம் 4-இல் உள்ள எண்ணோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

தேசிய அறிக்கைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஜூன் 30-க்குள் ஆலைகள் கொடுத்த கழிவுக் கணக்கைத் தொகுத்து, மாநில வாரியம் செப்டம்பர் 30-க்குள் மத்திய வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மத்திய வாரியம் அதை நாடு முழுவதற்குமான தொகுப்பாக்கி, டிசம்பர் 30-க்குள் அமைச்சகத்துக்கு அளிக்க வேண்டும். இதற்கிடையே மக்களிடம் கருத்துக் கேட்கும்படி அந்த விதிகள் சொல்லவில்லை. ஆனால் கருத்து அனுப்பக் கூடாது என்றும் எந்த விதியும் தடுக்கவில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில், ஆலையின் பெயர், ஆண்டு, படிவத்தில் உள்ள எண், நீங்கள் நேரில் கண்டது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் சென்னையில் உள்ள வாரியத்துக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். தொகுப்பு முடிவதற்கு முன் வந்த கடிதத்தைக் கோப்பில் சேர்க்காமல் ஒதுக்குவது எளிதன்று.

எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். காப்பிப் பழம் அரைக்கும் காலத்தில் ஓடைத் தண்ணீர் கறுத்து நாறுகிறது. வாய் திறந்தால் வேலையும் போகும், குடியிருக்கும் லைன் வீடும் போகும். என்னைப் போன்றவர்கள் எப்படிப் பங்கேற்பது?
– வாசகி, ஏற்காடு

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. தைரியமாகப் பேசுங்கள் என்று தூரத்தில் இருந்துகொண்டு எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

பழத்தின் தோலிலும் வழவழப்பிலும் இருக்கும் சர்க்கரை, தண்ணீரில் புளித்து அதிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. நீங்கள் காணும் கறுப்பும் நாற்றமும் அதனால்தான். அந்த நீரைக் குழியில் தேக்கி, அமிலத்தன்மை நீக்கிச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும்.

கீவ் நெறிமுறையில் நான் பெரிதும் மதிக்கும் வரி உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. விதிமீறலை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் ஆலைத் தொழிலாளரையும் பொதுமக்களையும், தெரிவித்தார்கள் என்பதற்காக எவரும் தண்டிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்று உறுப்பு நாடுகள் உறுதி செய்ய வேண்டும் என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் பதிவேட்டுக்கு உண்மை வந்து சேராது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் நாட்டில் தனியார் தோட்டத் தொழிலாளருக்கு அதே அளவு காப்பு இல்லை. ஆகவே தனியாளாகக் கையெழுத்திட வேண்டாம்.

தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது சட்டம். எனவே மலைக்குக் கீழே இருக்கும் உறவினரோ நண்பரோ உங்களுக்காக மனுப் போடலாம். அதைவிடப் பாதுகாப்பான வழி கிராம சபை. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. காப்பி அரைக்கும் பருவம் முடிந்து, ஓடையின் நிலை ஊருக்கே தெரிந்திருக்கும் நேரம் அது. “ஓடையின் நீரை எடுத்துச் சோதித்து முடிவை ஊராட்சிக்குத் தர வேண்டும்” என்று தீர்மானம் போட்டால், அது யாருடைய பெயரிலும் இல்லாமல் ஊரின் பெயரில் போகும்.

அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் கருத்து எழுதினால் ஏற்பார்களா?
– மாணவி, கருப்பூர்

மாநில வாரியத்துக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. தகவல் உரிமை மனுவையும் தமிழிலேயே எழுதலாம். பெரிய திட்டங்களுக்கான பொதுவிசாரணைக்கு முன் திட்டச் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பது பெருங்குறை. உங்களைப் போன்ற மாணவர்கள் படிவம் 5-இன் ஒரு நகலைத் தமிழாக்கி, அந்த ஆலையைச் சுற்றியுள்ள தெருக்களில் படித்துக் காட்டினால், நான் எழுதும் பக்கங்களைவிட அது அதிகப் பயன் தரும்.

சேகோ ஆலை நடத்துகிறேன். எல்லாக் கணக்கையும் ஊருக்குத் திறந்து வைத்தால் தொழில் இரகசியம் என்னாவது? பொய்ப் புகார்களுக்கு யார் பதில் சொல்வது?
– வாசகர், ஆத்தூர்

எதிர்த்தரப்பிலிருந்து எழுதியதற்கு நன்றி. மாசுப் பதிவேடு உங்கள் செய்முறையைக் கேட்பதில்லை. வேலிக்கு வெளியே என்ன போகிறது என்பதை மட்டுமே கேட்கிறது. எந்தத் தரகரிடம் என்ன விலைக்குக் கிழங்கு வாங்குகிறீர்கள், ஜவ்வரிசியை எப்படி வெளுப்பாக்குகிறீர்கள் என்பவை அதில் வரா. கீவ் நெறிமுறை வணிக இரகசியத்துக்கு இடம் தருகிறது. எதையாவது மறைத்தால், எந்த வகைத் தகவல் எக்காரணத்தால் மறைக்கப்பட்டது என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவும் வணிக இரகசியத்தைக் காக்கிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் மட்டும் அது விலகும். உங்கள் ஆலை தந்த இரகசியத் தகவலைப் பிறருக்கு அளிக்கும் முன் அலுவலர் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபம் சொல்ல 10 நாள் தர வேண்டும்.

பொய்ப் புகாருக்கு மருந்தும் அதே கணக்குதான். கிழங்கு அரைத்த நீர் வெளியே போனால் ஊர் முழுவதும் நாறும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேலம் வட்டாரத்தில் அந்த நீரை மூடிய தொட்டியில் தேக்கி எரிவாயு எடுக்கும் ஆலைகளும் இருக்கின்றன, திறந்த குட்டையில் விடும் ஆலைகளும் இருக்கின்றன. எண் வெளியே வராதவரை ஊராருக்கு இரண்டும் ஒன்றே. நாற்றம் வந்தால் எல்லா ஆலையும் ஏச்சு வாங்கும். நீங்கள் எரிவாயுக் கலன் போட்டிருந்தால், படிவம் 5-இல் மாசு குறைப்புக்குச் செய்த முதலீட்டைக் கேட்கும் பகுதியைக் காலியாக விடாமல் நிரப்புங்கள். கிழங்குச் சக்கையான திப்பி எத்தனை டன் வந்தது, தீவனத்துக்கு எவ்வளவு போனது என்பதையும் திடக்கழிவுப் பகுதியில் எழுதுங்கள். அதன் நகலை ஊராட்சி அலுவலகத்தில் நீங்களே கொடுத்துவிட்டால், தகவல் உரிமை மனுப் போட வேண்டிய தேவையே உங்கள் ஊராருக்கு இராது.